காசைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(கிளிவெட்டியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய சங்கம் முதலீட்டைப் பற்றி ஏன் பேசுகிறது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு எத்தனை வருடம் தெருவில் நின்றோம்? 2021 இல்தான் அது வந்தது. 2024 இல் 1,350 ஆனது. அப்படிச் சேர்த்த காசு ஒரு கைத்தொலைபேசி வழியாக ஒரே இரவில் போய்விடுகிறது என்றால், அதைத் தடுப்பதும் சங்கத்தின் வேலைதான்.

முதலில் நம் கையில் வருவது எவ்வளவு என்று பாருங்கள். சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருடம் கொழுந்து பறித்தவருக்கு 420 நாள். 2024 இல் வந்த அந்த 1,350 ரூபாய்ப்படி 567,000 ரூபாய். அதோடு சேமலாப நிதி. ஒரு வாழ்நாளின் உழைப்பு அவ்வளவுதான். இரண்டாம் தடவை அது வராது.

எங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஓர் அம்மா. பேரப்பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டார்: "மாஸ்டர், போன்ல காசு போட்டா மாசம் பத்து வீதம் தர்றாங்களாம். போடவா?" நான் அவசரத்தில் இருந்தேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்கம்மா, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் மூன்று லட்சம் போட்டார். இரண்டு மாதம் முப்பதாயிரம் வீதம் வந்தது. மூன்றாம் மாதம் அந்தச் செயலி திறக்கவே இல்லை. சேர்த்துவிட்டவர் அவருடைய சொந்தக்காரப் பையன். அவனும் காசை இழந்தவன்தான்.

அந்த அம்மா இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் கணக்குப் படிப்பிக்கிற நான், அன்று ஐந்து நிமிடம் நின்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். அதை இன்று உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மாதம் பத்து வீதம். ஒரு லட்சத்தைப் போட்டு, வருகிற லாபத்தையும் எடுக்காமல் விட்டால், ஒரு வருடத்தில் மூன்று லட்சத்துக்கு மேல். ஐந்து வருடத்தில் மூன்று கோடிக்கு மேல்! உலகத்தில் எந்தத் தொழில் இப்படித் தொடர்ந்து சம்பாதிக்கும்? அப்படி ஒரு தொழில் ஒருவனிடம் இருந்தால் வங்கியில் கடன் வாங்கித் தானே செய்துகொள்வான். நம் லயத்துக் கதவைத் தட்ட மாட்டான். ஆகவே முதல் கேள்வி: இந்த லாபம் எங்கிருந்து வருகிறது?

"மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள்" என்று சொன்னால் பதில் கிடைத்துவிட்டது. பின்னால் வருகிறவனின் காசுதான் முன்னால் வந்தவனுக்கு லாபம். ஒருவர் மூன்று பேரைச் சேர்க்க, அவர்கள் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்க்க, பதினாறாவது படியில் நாலு கோடிக்கு மேல் ஆள் வேண்டும். நம் நாட்டின் மொத்தச் சனத்தொகையே சுமார் இரண்டு கோடியே இருபது லட்சம். அதனால் அது கட்டாயம் உடையும். உடையும்போது கடைசிப் படியில் நிற்பது நம் ஆட்கள்.

எம்.டி.எப்.ஈ. என்ற செயலி செயற்கை நுண்ணறிவால் நாணய வர்த்தகம் செய்து தினமும் லாபம் தருவதாகச் சொன்னது. 2023 ஓகஸ்டில் இலங்கையிலும் பங்களாதேசத்திலும் நைஜீரியாவிலும் அதை நம்பியவர்கள் காசை எடுக்க முடியாமல் நின்றார்கள். அதையும் சேர்த்துப் பல நிறுவனங்களின் பெயர்களை அதே மாதம் மத்திய வங்கி வெளியிட்டது. பிரமிட் திட்டம் நடத்துவது வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2008 டிசெம்பரில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது, பெரிய குழுமத்தின் பெயரை நம்பி வைப்பிலிட்ட ஆயிரக்கணக்கான படித்தவர்களும் தெருவில்தான் நின்றார்கள்.

இரண்டாவது கேள்வி: யார் அனுமதி கொடுத்தது? பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பெனிப் பதிவு வேறு, மக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் அனுமதி வேறு. அந்த அனுமதியை மத்திய வங்கிதான் கொடுக்கும். அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பெனியோ விழுந்தால்கூட வைப்புக் காப்புறுதியில் 11 லட்சம் வரை கிடைக்கும். மற்றவர்களிடம் போட்டதற்கு ஒரு சதமும் கிடையாது.

அடுத்து காணி. லயத்தில் பிறந்தவனுக்குச் சொந்தக் காணி என்றால் உயிர். தரகர்களுக்கும் அது தெரியும். மலிவான காணி என்றால் முதலில் கேளுங்கள்: உறுதிக் காணியா, பேமிட் காணியா? பேமிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டினால் அது உறுதி ஆகாது. காணி விற்பனைக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து சட்டம். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைப் பாருங்கள். வழக்கு, ஈடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நேரில் போய் அக்கம்பக்கத்தாரை விசாரியுங்கள்.

தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. முச்சக்கரவண்டியோ கோழிப் பண்ணையோ, நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மழை மாதத்தை வைத்துப் போடுங்கள். லீசிங் தவணை, பெற்றோல், திருத்தவேலை எல்லாம் கழித்து, உங்கள் சொந்த நாட்சம்பளத்தையும் கழித்து, மிச்சம் வருகிறதா? வேளாண்மை செய்கிற இந்த ஊராருக்குத் தெரியும், விதைநெல்லை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. தொழிலுக்குப் போடுகிற காசு வேறு, வீட்டைக் காக்கிற காசு வேறு.

கடைசிக் கேள்வி: நட்டம் வந்தால் யாருக்கு? இதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் இதே கிளிவெட்டியில் முகாமில் வருடக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய 818 ஏக்கர் கைத்தொழில் வலயம் என்று முதலீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. 2015 இல் அந்த அறிவித்தல் ரத்தானது. அனல் மின் நிலையத் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. திட்டம் போட்டவர்கள் யாரும் தகரக் கொட்டகையில் படுக்கவில்லை. காத்திருந்த வருடங்களை அந்தச் சனங்கள்தான் கொடுத்தார்கள்.

தோழர்களே, கிளைக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்: யார் அவசரப்படுத்தினாலும் மூன்று நாள் பொறுங்கள், கடதாசியைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வந்து கேட்பவரிடம், எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.