முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?



இன்றைய பேச்சு ஒரு கடிதத்தைப் பற்றியது.

மத்தியப் பிரதேசத்தில் சாத்புரா மலை இருக்கிறது. அந்த மலையின் அடிவாரத்தில் ஒரு கிராமத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வீடு. அக்கா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தம்பி ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் மாலை இருவரும் ஆளுக்கு ஒரு கடிதத்துடன் பள்ளியிலிருந்து வருகிறார்கள்.

தம்பி கொண்டுவந்தது சாரணர் முகாமுக்கான கடிதம். அக்கா கொண்டுவந்தது சாரணியர் முகாமுக்கான கடிதம். மூன்று நாள் வெளியூரில் தங்க வேண்டும். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா எழுத்துக் கூட்டிக் கடிதத்தைப் படிக்கிறார். முன்பெல்லாம் அவர் கைநாட்டு வைத்தவர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கேள்வியும் வராது. இப்போது படிக்கிறார். படிக்கப் படிக்கக் கேள்வி வருகிறது. இது எதற்கு? இதனால் என்ன பயன்? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?

அப்பா சொல்கிறார்: "பையன் போய்விட்டு வரட்டும். பெண் எதற்கு? அவள் போனால் வீட்டு வேலையை யார் செய்வது?"

அக்கா ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறாள்.

இந்த வீட்டார் என்ன முடிவு எடுக்கலாம்? அதற்கு முன்பு, சாரணர் என்றால் யார், முகாமில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இயக்கம் பிறந்த கதை

இங்கிலாந்தில் பேடன் பவல் என்று ஒருவர் இருந்தார். அவர் ராணுவ அதிகாரி. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் சுமார் 20 சிறுவர்களை ஒரு தீவுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தீவின் பெயர் பிரவுன்சி. சிறுவர்களில் சிலர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். சிலர் உழைப்பாளிகளின் பிள்ளைகள். எல்லோரையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். கூடாரத்தில் தங்க வைத்தார். அந்த முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் வளர்ந்தது.

1909ஆம் ஆண்டு அது இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் ஒரு படை தொடங்கினார்கள். ஆனால் அப்போது ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் அதில் இடம். நம் நாட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருந்தது.

மூடிய கதவைப் பார்த்துச் சிலர் சும்மா இருக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி என்ற பெயரில் சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள்.

நாடு விடுதலை அடைந்தது. தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒன்றாயின. 'பாரத சாரணர்' இயக்கம் பிறந்தது. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் பெண் பிள்ளைகளின் சங்கமும் இதில் சேர்ந்தது. அதனால்தான் 'பாரத சாரணர் சாரணியர்' என்று பெயர். அதன் தேசியப் பயிற்சி நிலையம் சாத்புரா மலைமேல் பச்மடியில் இருக்கிறது.

ஒரு காலத்தில் நம் பிள்ளைகளுக்கு மூடியிருந்த கதவு இது. இன்று நம் கையாலேயே அதை மூடலாமா?

முகாமில் ஒரு நாள்

சாரணர் படையில் பல அணிகள் உண்டு. ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவரே அணித் தலைவர். படை முழுவதையும் ஆசிரியர் ஒருவர் கவனிப்பார்.

முகாமில் விசில் ஊதினால் விடியும். பிள்ளைகள் எழுந்து படுக்கையை மடிப்பார்கள். கூடாரத்தைச் சுற்றிப் பெருக்குவார்கள். மழைநீர் உள்ளே வராமல் சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்டுவார்கள். மூங்கிலைக் கயிற்றால் கட்டித் தட்டு வைக்க ஒரு மேடை செய்வார்கள். செருப்பு வைக்க இன்னொரு மேடை. ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. எல்லாம் முடிச்சுத்தான். குப்பைக்குத் தனிக்குழி வெட்டுவார்கள். பிறகு கொடி ஏற்றம். ஆசிரியர் ஒவ்வொரு கூடாரமாக வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்.

சமையலும் பிள்ளைகளின் வேலைதான். ஒருவர் விறகு பொறுக்குவார். ஒருவர் தண்ணீர் கொண்டுவருவார். ஒருவர் மாவு பிசைவார். ரொட்டி கோணலாக வரும். பருப்பு சில நேரம் அடிப்பிடிக்கும். ஆனாலும் அதைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். வீட்டில் சாப்பாட்டைக் குறை சொன்ன பிள்ளை அங்கே வாய் திறக்காது!

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சமைத்த பிள்ளை எந்தச் சாதி, எந்த மதம் என்று முகாமில் கேட்கக் கூடாது. ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே வரிசை. சாரணர் எல்லோருக்கும் நண்பர், மற்றச் சாரணர்களுக்கு உடன்பிறப்பு என்பது அவர்களின் விதி. தீண்டாமையை நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. அப்படியிருக்கத் தனிப் பந்தி வைத்தால் அது சாரணர் முகாமே அல்ல. 'என் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுமோ' என்று தயங்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். நம் மனதில் உள்ள சுவரைப் பிள்ளையின் மனதிலும் எழுப்ப வேண்டுமா?

நடைப்பயணம்

முகாமில் ஒரு நாள் நடைப்பயணம் இருக்கும். காட்டு வழி, மலை வழி. பச்மடிக்குப் பக்கத்தில் தூப்கட் சிகரம் இருக்கிறது. சுமார் 1,350 மீட்டர் உயரம். மத்தியப் பிரதேசத்தில் அதுதான் மிக உயரமான இடம். அப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகள் நடந்து போவார்கள்.

முன்னால் போகும் அணி வழியில் அடையாளம் வைத்துப் போகும். கல்லாலும் குச்சியாலும் வைத்த அடையாளம். அம்புக்குறி இருந்தால் 'இந்த வழியே வா' என்று பொருள். பெருக்கல் குறி இருந்தால் 'இந்த வழி வேண்டாம்' என்று பொருள். வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தால் 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று பொருள். பின்னால் வரும் அணி இதைப் படித்துக்கொண்டே வரும். படிக்கத் தெரிந்தவர் வழி தவறமாட்டார். இது நமக்கும் தெரிந்த உண்மைதானே?

பேடன் பவல் 1941ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் காலமானார். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லிலும் வட்டமும் புள்ளியும் செதுக்கியிருக்கிறார்கள்.

நடையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விடுவார்கள். அந்தப் பிள்ளையின் வேகத்தில் எல்லோரும் நடப்பார்கள். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை.

காட்டில் பாம்பு கடித்தால்? அடி பட்டால்? அதற்கும் பயிற்சி உண்டு. பாம்பு கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். தீக்காயத்தின் மேல் பற்பசையோ மையோ தடவக் கூடாது. 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். எலும்பு முறிந்த கையைச் சாரணரின் கழுத்துத் துணியால் தொட்டில்போல் கட்டலாம். இதைக் கற்ற பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்தத் தெருவுக்கே நல்லது.

போட்டி உண்டு, பொறாமை இல்லை

மூன்றாம் நாள் போட்டிகள். முடிச்சுப் போடும் போட்டி. கூடாரம் அடிக்கும் போட்டி. பாத்திரம் இல்லாமல் சமைக்கும் போட்டி. இதில் உருளைக்கிழங்கைத் தணலில் புதைத்துச் சுடுவார்கள்.

நினைவாற்றல் போட்டியும் உண்டு. ஒரு தட்டில் 24 பொருள்களை வைத்து மூடியிருப்பார்கள். ஒரு நிமிடம் திறந்து காட்டுவார்கள். பிறகு மூடிவிடுவார்கள். என்னென்ன பார்த்தோம் என்று எழுத வேண்டும். நம் வீட்டிலும் இதை விளையாடிப் பார்க்கலாம்.

மரத்தில் ஏறாமல் உயரத்தை அளக்கும் போட்டி இன்னும் நல்லது. 1 மீட்டர் குச்சியை வெயிலில் நிறுத்துங்கள். அதன் நிழல் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் மரத்தின் நிழலை அளந்தால் 20 மீட்டர். அப்படியானால் மரத்தின் உயரம் 10 மீட்டர். கணக்கு இப்படிக் கையோடு வந்தால் மறக்குமா?

இந்தப் போட்டிகளில் மதிப்பெண் தனி ஆளுக்கு இல்லை, அணிக்குத்தான். ஒருவன் மட்டும் வேகமாக முடிச்சுப் போட்டால் போதாது. எட்டுப் பேரும் போட வேண்டும். அதனால் தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுக்கிறான். முடிந்ததும் தோற்ற அணி கை தட்டுகிறது. இடது கையால் கை குலுக்குகிறார்கள். இது மரியாதைக் குறைவு அல்ல. இதயம் இருக்கும் பக்கத்துக் கை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

கையெழுத்துக்கு முன்னே கேளுங்கள்

நல்லது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். கடிதத்தை முழுவதும் படியுங்கள். பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

முகாம் எங்கே நடக்கிறது? எப்போது போய் எப்போது வருவார்கள்? கூட வரும் ஆசிரியர் யார்? அவருடைய தொலைபேசி எண் என்ன? பெண் பிள்ளைகளோடு இரவும் பகலும் பெண் ஆசிரியர் தங்குவாரா? கழிப்பறை வசதி உண்டா? குடிநீர் சுத்தமானதா? பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா? ஆறு, குளம் பக்கம் பிள்ளைகள் தனியாகப் போகாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்?

பிள்ளைக்கு மூச்சிரைப்போ வலிப்போ இருந்தால் மறைக்காதீர்கள். ஆசிரியரிடம் சொல்லி மருந்தையும் கொடுத்தனுப்புங்கள். பணம் கட்ட முடியாவிட்டால் வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். அதையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பதில் சரியாக வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவோம். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்குப் போய் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்கள் திருப்தியாக இருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.

"இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன? இதில் மகன் போகலாம், மகள் போகக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார்.

அப்பா கொஞ்ச நேரம் யோசிக்கிறார். "மூன்று நாள்தானே! மாட்டுக்கு நான் தண்ணீர் காட்டுகிறேன். பாத்திரமும் கழுவுகிறேன்" என்கிறார்.

அம்மா தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதுகிறார். ஒரு கடிதத்தில் அல்ல, இரண்டிலும். அக்கா கடிதத்தை மறுபடியும் மடித்துப் புத்தகத்துக்குள் வைக்கிறாள். இந்த முறை சிரித்துக்கொண்டே வைக்கிறாள்.

நண்பர்களே! உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு கடிதம் வரலாம். படியுங்கள். கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். மகனுக்கும் போடுங்கள், மகளுக்கும் போடுங்கள்.