சிறு மென்பொருள் நிறுவனங்களும் பொதுச் சேவைகளும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மென்பொருள் ஆக்க ஒரு மேசையும் ஒரு கணனியும் போதும் என்பார் உளர். நிரல் எழுத அவை போதும். தொழில் நடத்தப் போதா. ஐவர் கூடித் தொடங்கும் கம்பனிக்கு ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி வேண்டும்; கணக்காளர் வேண்டும்; பிழை தேடுவதற்கு, நிரலை எழுதாத வேறொருவர் வேண்டும். இவர்களுக்கு அங்கே முழுநாள் வேலையில்லை. முழுமாதச் சம்பளம் கொடுக்கவும் இயலாது. ஆகவே பகலில் நிரல் எழுதுபவரே இரவில் கணக்கெழுதுகிறார். ஒப்பந்தத்தை வாசியாமலே கையொப்பமிடுகிறார்!

இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். 1985ஆம் ஆண்டு பெங்களூரிலே கிளை திறந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தனக்கென்றே செய்மதித் தொடர்பை அமைத்துக்கொண்டது. சிறு கம்பனிகளுக்கு அது எட்டாக்கனி. 1991இல் இந்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்ற அமைப்பை நிறுவிற்று. பூங்கா என்றதும் மரஞ்செடிகளை நினைக்கவேண்டாம். அவ்வமைப்பு செய்மதி நிலையங்களைத் தானே அமைத்து, அத்தொடர்பைச் சிறு கம்பனிகளுக்கும் பங்கிட்டுக் கட்டணத்துக்கு வழங்கிற்று. இறக்குமதி ஏற்றுமதி அனுமதிகளையும் ஒரே இடத்திற் பெறச் செய்தது. வரிச்சலுகையும் இருந்தது, பலரும் அதனையே புகழ்வர். எனக்கு அது இரண்டாவதாகவே தோன்றுகிறது. சலுகை, இலாபம் வந்தபின் உதவுவது. தொடர்பு இல்லையேல் இலாபம் ஏது?

இன்று இணையத் தொடர்பு அரிதன்று. அரிதாயிருப்பவை வேறு. தகவற் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 27001 சான்று உண்டா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார். சான்றைக் கம்பனி ஒவ்வொன்றும் தனித்தனியே பெறவேண்டும். அதற்கு ஆயத்தம் செய்விக்கும் ஆலோசகர் பத்துக் கம்பனிகளுக்கும் ஒருவராயிருக்கலாம். சோதனையாளரும் அவ்வாறே. மூளாயில் ஊரவர் கூடிக் கூட்டுறவு வைத்தியசாலை நடத்திய நாட்டிலே இது புதுமையன்று.

ஓர் இடர் உண்டு. போட்டிக் கம்பனிகள் இரண்டின் இரகசியமும் ஒரே சோதனையாளர் கையிற் சேரும். இரகசியம் காக்கும் உடன்படிக்கை முதல் நாளே எழுதப்படவேண்டும். சேவை இலவசமாயிருத்தலும் ஆகாது. சிறிதேனும் கட்டணம் செலுத்துபவனே குறை கண்டால் வாய்திறந்து கேட்பான். நிர்வாக சபையிலும் அக்கம்பனிக்காரரே பெரும்பான்மையாக இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் இச்சபையில் இருப்பின், வாரத்தில் ஒரு மாலையை இவ்விளைஞருக்கு ஒதுக்குங்கள். ஒப்பந்தம் ஒன்றை வாசிப்பதிலிருந்தே தொடங்கலாம்.