காணாப் பொருளின் எடை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே பந்தலில் வானநூலைப் பற்றி யாம் பேசியபோது, எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமி எழுந்து ஒரு வினாவைத் தொடுத்தாள். "அண்டத்திலுள்ள பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது என்கிறீர்கள். மூணாற்றுத் தோட்டத்து லயத்தில் எங்கள் பாட்டி பேய் உண்டு என்கிறார். இரண்டிற்கும் என்ன வேறுபாடு?" என்றாள். அவை சிரித்தது. யாமும் நேரமாகிவிட்டது என்று கூறித் தப்பினோம். உண்மையைச் சொன்னால், அன்று எம்மிடம் தெளிவான விடை இல்லை. அக்கடனைத் தீர்க்கவே இன்று வந்துள்ளோம்.

நம் சித்தூர் வட்டத்தில் ஓடும் ஆற்றுக்குக் கண்ணாடிப்புழை என்றும் ஒரு பெயருண்டு. பெயர் கண்ணாடியாயினும், மழைக்காலத்தில் நீர் கலங்கிப் பெருகும்போது அடியிலுள்ள பாறை தெரிவதில்லை. ஆயினும் நீர் ஓரிடத்தில் சுழித்து விலகிச் சென்றால், துணி துவைக்க வந்த தாய்மார் "அங்கே பாறை இருக்கிறது, இறங்காதே" என்று பிள்ளைகளைத் தடுப்பார்கள். அவர்கள் கண்டது பாறையையன்று. நீரின் வளைவையே கண்டார்கள். சுழிப்பின் அளவைக் கொண்டு பாறை பெரிதா சிறிதா என்றும் சொல்லிவிடுவார்கள். ஐயமுடையவன் ஒரு மூங்கிற் கழியை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பேய்க் கதையில் அந்தக் கழிக்கு இடமே இல்லை.

விண்வெளியில் நீரின் இடத்தில் நிற்பது ஒளி. எடையுள்ள பொருள் தன்னருகே செல்லும் ஒளியின் வழியை வளைக்கும் என்று 1915-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் கணித்தார். சூரியனின் விளிம்பைத் தொட்டு வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளைய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. இன்று நம் கையில் புழங்கும் பத்து ரூபாய் நாணயத்தை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திப் பார்த்தால் அது எத்துணைச் சிறிதாகத் தோன்றுமோ, ஏறத்தாழ அத்துணையே இந்த வளைவு. பகலில் சூரியனருகே விண்மீன் தெரியாது. ஆகவே முழுக் கிரகணம் வேண்டும். 1919-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் பிரின்சிபே தீவில் எடிங்டனும், பிரேசிலின் சோப்ராலில் மற்றொரு குழுவினரும் படம் பிடித்தனர். கணக்கு ஒத்தது என்றனர். உலகமெங்கும் செய்தி பரவியது. ஆனால் அளவோ மிக நுண்ணியது. ஆகவே ஐயுற்றோர் அடுத்த கிரகணத்தை எதிர்நோக்கியிருந்தனர்.

இவ்விடத்தில் கதை நம் மலைகளுக்கு வருகிறது. மூணாற்றிலிருந்து குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பெரிஜம் ஏரியைக் கடந்து கொடைக்கானலுக்கு ஒரு பழைய மலைப்பாதை உண்டு. இன்று அதில் வண்டிகள் செல்வதில்லை. அம்மலையின் மறுமுனையில் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1907-இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர், சூரியப் புள்ளிகளில் வளிகள் நடுவிலிருந்து புறம்நோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தார். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நாளில் குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு இரயில் ஓடிக்கொண்டிருந்தது. நம் பாட்டன்மார் தேயிலைப் பெட்டிகளை அதில் ஏற்றி டாப் ஸ்டேஷனுக்கு அனுப்ப, அங்கிருந்து அவை கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கின. (1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது.) தேயிலை கிழக்கே இறங்கிய அதே ஆண்டுகளில், அதே மலைத்தொடரில், ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதிக்கும் வேலையும் நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் கேள்வியுற்றிருக்கிறோம்?

எவர்ஷெட் எதையும் எளிதில் ஏற்பவர் அல்லர். 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-இல் நிகழவிருந்த கிரகணத்திற்காக அவரும் அவர் மனைவி மேரி எவர்ஷெட் அம்மையாரும் கருவிகளுடன் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள வாலல் என்னும் மணற்பாங்கான இடத்தை அடைந்தனர். சூரியன் முழுதும் மறைந்திருக்கும் நேரம் ஐந்து நிமிடத்திற்குச் சற்று மேல். அவ்வளவிற்கே அத்துணைப் பயணம்! கருவிகள் ஒத்துழைக்கவில்லை. வளைவை அளக்கத்தக்க படங்கள் கொடைக்கானல் குழுவினருக்குக் கிட்டவில்லை. அதே கரையில் கூடாரமிட்டிருந்த அமெரிக்க லிக் ஆய்வகத்தின் காம்பெல் குழுவினருக்கோ நல்ல படங்கள் வாய்த்தன. ஐன்ஸ்டீனின் கணக்கு சரியே என்று மறு ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். வெறுங்கையுடன் திரும்பியவர்களைப் பற்றி நூல்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. எமக்கோ அவர்கள் பயணமே நெஞ்சில் நிற்கிறது. கணக்கு பொய்த்துப் போகலாம் என்ற நிலையில் கழியை நீரில் விடச் சென்றவர்கள் அன்றோ அவர்கள்?

வளைக்கும் பொருள் வில்லையாகவும் செயற்படும். தேநீர்க் கடைக் கண்ணாடி டம்ளரின் தடித்த அடியைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் நீண்டும் வளைந்தும் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மூக்குக்கண்ணாடி போன்ற வில்லையில் விளிம்பை நெருங்க நெருங்க ஒளி மிகுதியாக வளையும். ஈர்ப்பு வில்லையில் நடுவை நெருங்கினால்தான் மிகுதியாக வளையும். அதனால் அது ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பதில்லை. பின்னாலுள்ள விண்மீன் மண்டலத்தை வில்லாகவும், வளையமாகவும், சில வேளை ஒன்றை நான்காகவும் காட்டுகிறது. விண்மீன் ஒன்று வில்லையாவதை மனிதர் காணும் வாய்ப்பில்லை என்று 1936-இல் ஐன்ஸ்டீனே எழுதினார். விண்மீன் மண்டலங்கள் வில்லையாகலாமே என்று மறு ஆண்டு சுவிக்கி கூறினார். 1979-இல் ஆறு விகலை இடைவெளியில் இரண்டு குவேசார்கள் ஒரே முகத்துடன் காணப்பட்டன. இரண்டும் ஒன்றே! ஒன்றில் நேரும் ஒளிமாற்றம் மற்றொன்றில் ஏறத்தாழ 417 நாள் கழித்துத் தோன்றுகிறது. ஒளி வந்த வழிகளின் நீளமும் ஈர்ப்பும் வேறாதலால் இத்தாமதம்.

சுவிக்கி 1933-இலேயே மற்றொன்றும் கண்டிருந்தார். கோமா என்னும் மண்டலக் கொத்தில் உள்ளவை ஓடும் விரைவைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் எடை அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. தெரியாத பொருள் மிகுதியாக இருக்க வேண்டும். அதையே கரும்பொருள் என்கிறோம். ஒளிர்வதும் ஒளிராததும் ஒருசேர ஒளியை வளைப்பதால், வளைவை அளந்து மொத்த எடையை அறியலாம். தெரியும் பொருளைக் கழித்தால் எஞ்சுவது கரும்பொருள். இன்றைய கணக்கில் அண்டத்தின் உள்ளடக்கத்தில் நாம் அறிந்த அணுப்பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு, கரும்பொருள் 27, எஞ்சியது கருவாற்றல்.

"எடையை விடுங்கள், கழி எங்கே?" என்று அச்சிறுமி கேட்பாள். இதோ. 2014-இல் ஒரு மண்டலக் கொத்தின் பின்னே வெடித்த விண்மீன் ஒன்று நான்கு உருவாகத் தோன்றியது. கொத்தில் கரும்பொருள் எங்கெங்கே எவ்வளவு உள்ளது என்று வரைந்து வைத்திருந்த அறிஞர்கள், அவ்வெடிப்பின் மற்றோர் உரு இன்ன இடத்தில், ஏறக்குறைய இன்ன காலத்தில் தோன்றும் என்று முன்னரே எழுதி வெளியிட்டனர். 2015 டிசம்பரில் அது தோன்றியது. தோன்றாதிருந்தால் வரைபடத்தைக் கிழித்தெறிய வேண்டியிருந்திருக்கும். பாட்டியின் பேய் ஒருநாளும் நாள் குறித்து வந்ததில்லை.

இவ்வாறு கரும்பொருளின் வரைபடம் தீட்டுவோருள் முன்னிற்பவர் ஒருவர், வாளையாற்றைக் கடந்தால் நாம் சென்று சேரும் கோயம்புத்தூரில் பிறந்தவர். டில்லியில் வளர்ந்து, இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் பிரியம்வதா நடராஜன் அவர்கள். அவரும் பங்குகொண்ட ஒரு குழு 2020-இல் வியப்பான செய்தியைக் கூறியது. கொத்துகளுக்குள் இருக்கும் சிறு கரும்பொருள் திரட்சிகள், கணினிக் கணக்கு எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கிற்கும் மேலாக வில்லை வேலை செய்கின்றன! கணக்கில் பிழையா, கரும்பொருளைப் பற்றிய நம் கருத்திலேயே பிழையா? வாதம் இன்னும் தீரவில்லை. கரும்பொருள் எதனால் ஆயது என்பதும் தெரியவில்லை. ஆகவே, மகளே, உன் வினாவில் பாதிக்கே எம்மால் விடை கூற முடிந்தது.

நூலக அறையில் ஒரு மேசைமேல் தேநீர்க் கண்ணாடிகளும் பழைய செய்தித்தாள்களும் வைத்துள்ளோம். உணவுக்கு முன் பிள்ளைகள் வரிசையாகச் சென்று பார்க்கலாம். கண்ணாடி ஆறே உள்ளன; பார்த்துக் கையாளுங்கள்.