எட்டு மணி

ஆப்பிரிக்கா என்னும் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஆம்பூரில், என் தந்தையார் வேலை பார்த்த தோல் பதனிடும் கூடத்தில். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குத் தோல்ஷாப்பு என்று பெயர். தோலைப் பதப்படுத்த அந்நாளில் ஆவாரம்பட்டை பெரிதும் பயன்பட்டது. அது போதாமற்போனபோது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை கப்பலேறி வந்தது. கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த அப்பட்டையைக் காட்டி, "இது எந்த ஊரில் விளைவது?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆப்பிரிக்கா" என்றார் தந்தையார். அதற்கு மேல் அவர் அறியார். அம்மரத்துக்கே தாயகம் ஆஸ்திரேலியா என்பதை நானும் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தந்தையாரின் விரல்களில் படிந்திருந்த அப்பட்டையின் செந்நிறம், அவர் வேலையை விட்ட பிறகும் நெடுநாள் போகவில்லை.

கடல் கடந்து சென்று சிற்றூர்ப் பள்ளிகளில் தொண்டு புரிந்தவர்களைப் பற்றிய இவ்வரிசையில் என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் தொண்டுக்காகச் சென்றவன் அல்லேன், சம்பளத்துக்காகச் சென்றவன். எத்தியோப்பிய அரசு எனக்குக் கொடுத்த சம்பளம், அப்போது வடஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஆம்பூரில் நான் பெற்றதைப் போலப் பன்மடங்கு. அந்தப் பணத்தில்தான் என் தங்கையர் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஓட்டு வீடு ஒன்றும் எழுந்தது. தொண்டு என்ற சொல்லை அதன்மேல் போர்த்தினால் அது பொய்யாகிவிடும்.

எத்தியோப்பியாவுக்கு இந்திய ஆசிரியர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1936ஆம் ஆண்டு முதல் 1941ஆம் ஆண்டு வரை அந்நாடு இத்தாலியர் பிடியில் இருந்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர்மீது குண்டு வீசப்பட்டதை அடுத்து நிகழ்ந்த படுகொலையிலும், அதைத் தொடர்ந்த வேட்டையிலும், அந்நாட்டில் அப்போதுதான் முளைவிட்டிருந்த படித்த இளைஞர் தலைமுறை பெரும்பாலும் அழிந்தது. 1941இல் நாடு திரும்பிய பேரரசர் ஹைலி செலாசி கல்வி இலாகாவை நெடுங்காலம் தம் கையிலேயே வைத்துக்கொண்டு பள்ளிகளைத் திறந்தார். கட்டடம் கட்டிவிடலாம், கொல்லப்பட்ட ஆசிரியனை எங்கே போய்க் கொண்டுவருவது? ஆகவே இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சென்றார்கள். அவர்களில் மலையாளிகளே மிகுதி. எந்த மூலைக்குச் சென்றாலும் நமக்கு முன்பே ஒரு மலையாளி ஆசிரியர் அங்கே குடும்பத்தோடு குடியிருப்பார். நமக்குச் சோறும் போடுவார்.

1968 செப்டம்பரில் நான் அடிஸ் அபாபாவில் இறங்கினேன். எனக்கு அப்போது 25 வயது. அங்கே 1961ஆம் ஆண்டு பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்நாட்டு நாட்காட்டி நம் ஆங்கில நாட்காட்டிக்கு ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள். எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாட்களுக்குப் பதின்மூன்றாம் மாதம் ஒன்று. "ஏழு வயது குறைந்துவிட்டேன்" என்று வீட்டுக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினேன்.

என்னை அனுப்பிய சிற்றூர் வடக்கே மலைநாட்டில் இருந்தது. நம் ஏலகிரியைப் போல் இரண்டு மடங்கு உயரம். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பிறகு விளங்கும். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இருந்தது. ஆறாம் வகுப்பு வரை அம்ஹாரிக் மொழியில் பாடம், ஏழிலிருந்து ஆங்கிலம். நான் ஏழுக்கும் எட்டுக்கும் கணிதம் கற்பித்தேன். ஆசிரியர்களில் நான் ஒருவனே இந்தியன். அமெரிக்க அமைதிப் படையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஆங்கிலம் கற்பித்தார். 1962 முதலே அப்படையினர் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அடிஸ் அபாபாப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரும் இருந்தார். அப்பல்கலைக்கழகத்தில் பயில்வோர், பட்டம் பெறுமுன் ஓராண்டு நாட்டுப்புறத்தில் பணி செய்ய வேண்டும் என்ற விதி 1964இல் வந்திருந்தது. எங்கள் மூவரில் மிகுந்த சம்பளம் எனக்கு. மிகக் குறைந்தது, தம் சொந்த நாட்டிலேயே வேலை செய்த அந்த மாணவருக்கு. இது அவருக்கும் தெரியும். ஒருநாளும் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த ஊர் எனக்கு அந்நியமாகவே இல்லை என்றால் நம்புவீர்களா? டெஃப் என்னும் கடுகினும் சிறிய தானியத்தை மாவாக்கி, கரைத்து, சில நாள் புளிக்க வைத்து, அகன்ற மண் ஓட்டில் வட்டமாக ஊற்றி வேக வைக்கிறார்கள். இஞ்செரா என்று பெயர். திருப்பிப் போடுவதில்லை. மேற்புறமெல்லாம் கண் கண்ணாக இருக்கும். பெரிய புளித்த தோசை என்று எண்ணி முதல் நாளே உண்டேன். காரக் குழம்பும் அதற்குத் துணை. எழுத்தோ இன்னும் நெருக்கம். முப்பத்துமூன்று மெய்கள்; ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவங்கள். குழந்தைகள் பலகையைப் பார்த்து ராகம் போட்டு ஒப்பிப்பதைக் கேட்டபோது, எங்கள் திண்ணைப் பள்ளியில் க, கா, கி, கீ சொன்னது நினைவுக்கு வந்தது. அமெரிக்க நண்பர் அவ்வெழுத்துகளோடு ஆறு மாதம் போராடினார். எனக்கு மூன்று வாரம் போதுமாயிற்று. பெயர்களும் அப்படியே. அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் அதையடுத்துத் தந்தை பெயருமே உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது, நம் ஊர்த் தலைப்பெழுத்தைத் திருப்பிப் போட்டாற் போலத் தோன்றும்.

சனிக்கிழமைச் சந்தையில் உப்பிட்ட ஆட்டுத் தோல்கள் குவிந்து கிடக்கும். அந்த வாடைக்கு அமெரிக்கர் மூக்கைப் பொத்திக்கொள்வார். நான் அங்கேயே நின்றுவிடுவேன். தோலை விரலால் நீவி, இது உரிக்கும்போது கத்தி பட்ட தோல், இது நன்கு உலர்ந்தது என்று எனக்குள்ளேயே தரம் பிரித்துக்கொள்வேன். தோலைப் பதனிடுவோரையும், குயவரையும், கொல்லரையும் அந்நாட்டு மலைநாட்டார் தாழ்வாக எண்ணினார்கள் என்பதையும் அச்சந்தையிலேயே கண்டேன். யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் வகுப்பின் கடைசிப் பலகையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவன் ஊர் மூன்று மணி நேர நடைத் தொலைவு. வாரநாட்களில் ஊருக்குள் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டு தங்கிப் படித்தான். விடுமுறையில் நடந்து வீடு செல்வான். அவன் போர்வையிலிருந்து வந்த வாடையை வைத்தே அவன் தந்தை தோல் வேலை செய்பவர் என்று முதல் வாரத்திலேயே அறிந்தேன். மற்றப் பிள்ளைகள் அவனை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் அவனருகே நின்று அதிகமாகப் பாடம் சொன்னேன் என்று இன்று நினைத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே சொன்னேனா, பின்னால் நேர்ந்ததற்காக நானே கற்பித்துக்கொண்ட நினைவா என்று துணிந்து சொல்ல இயலவில்லை.

இனிக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தியோப்பியர் நாளைச் சூரியனோடு தொடங்குகிறார்கள். நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒன்று. நம் எட்டு அவர்களுக்கு இரண்டு. நம் பிற்பகல் இரண்டு மணிதான் அவர்களுக்கு எட்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகையால் இது மிகவும் பொருத்தமான கணக்கு. சந்தையில் நானும் இந்தக் கணக்கிலேயே பேசினேன். ஆனால் என் வகுப்பறைக்குள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் பாடம் என்றால் மணியும் ஆங்கில மணியாகவே இருக்க வேண்டும். உலகத்தோடு ஒட்ட ஒழுகப் பழகட்டும் என்பது என் கட்சி. நேரம் தவறாதவர் என்று ஆம்பூரில் எனக்கிருந்த பெயரை நான் கடலுக்கு அப்பாலும் சுமந்து சென்றிருந்தேன்.

1969 ஜூன் மாதம் ஆண்டுத் தேர்வு. மழைக்காலம் தொடங்கிவிட்டது. தேர்வுக்கு முன் நான்கு நாள் விடுமுறை. 'கணிதம், திங்கட்கிழமை, 8 மணி' என்று ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்தேன். மற்ற நாட்களில் எல்லாரும் பள்ளி மணியோசைக்கு வருபவர்கள். ஊர்ப் பிள்ளைகள் என் வழக்கத்தை அறிந்திருந்தார்கள்; அறியாதவர்கள் அறிந்தவரைக் கேட்டுக்கொண்டார்கள். இவனைக் கேட்பார் இல்லை. இவன் கேட்பதற்கும் ஆள் இல்லை.

திங்களன்று காலைத் தேர்வு முடிந்தது. தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, உணவுக்குப் பின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் கைக்கடிகாரத்தில் ஒன்றரை மணி. முழங்கால் வரை சேறாக அவன் வந்து நின்றான். வழியில் ஓடையில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று முன்னதாகவே கிளம்பியிருக்கிறான். அவன் கணக்குப்படி அரை மணி முந்தி வந்துவிட்டான். முகத்தில் அந்தப் பெருமிதம் தெரிந்தது.

எனக்கு விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அவனைக் கண்ட அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. ஆயினும், வினாத்தாளை மற்றவர்கள் வெளியே கொண்டுபோய்விட்டார்கள் என்று எனக்குள் ஒரு காரணம் எழுந்தது. வேறு வினாத்தாள் எழுத அரை மணி போதும். அதைச் செய்தால் நான் கரும்பலகையில் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டதாகும். "எட்டு மணி என்றால் எட்டு மணி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. தலைதாழ்த்தி வணங்கிவிட்டு, வந்த வழியே நடந்தான்.

மாலையில் பல்கலைக்கழக மாணவரிடம் இதைச் சொன்னேன். தம்மோடு ஒத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன் போலும். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "உங்கள் நாட்டில் கடிகாரம் வருமுன் எப்படி நேரம் பார்த்தார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

மாதனூர்ப் பக்கத்தில் இருந்த என் பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. சூரியன் உதித்து இத்தனை நாழிகை என்றுதான் கணக்கு. நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு இருபது நாழிகை. உதயம் தொட்டு இருபது நாழிகைக்கு வா என்று பாட்டியிடம் சொல்லியிருந்தால், அவளும் பிற்பகல் இரண்டு மணிக்கே வந்திருப்பாள். ஆங்கிலக் கடிகாரத்தைக் கொண்டு அவளை யாரும் வாசலோடு திருப்பியனுப்பியதில்லை.

அன்றிரவே வேறொரு வினாத்தாள் எழுதினேன். மற்றத் தேர்வுகளுக்கும் அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்த மாணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவன் ஊருக்கு நடந்தேன். மூன்று மணி என்று அவன் சொன்ன தொலைவு எனக்கு ஐந்து மணி ஆயிற்று. இரண்டு ஓடைகளைக் கடக்க வேண்டியிருந்தது. ஊர் எல்லைக்கு வெளியே, மற்ற வீடுகளை விட்டுத் தனித்திருந்தது அவர்கள் குடிசை. தந்தை ஒரு தோலைத் தரையில் முளையடித்து இழுத்துக் கட்டி, ஜவ்வைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகன் இல்லை. தாய்மாமன் வீட்டுக்குப் பள்ளத்தாக்கு நாட்டுக்குப் போய்விட்டான். அங்கேயே வேலை பார்ப்பான் என்றார்.

நான் சொல்ல வந்ததை மொழிபெயர்க்கும்படி நண்பரிடம் கூறுமுன், அந்த மனிதர் என் முன் குனிந்து ஏதோ சொன்னார். "மகன் நேரம் தெரியாமல் வந்து உங்களைச் சிரமப்படுத்திவிட்டானாம், மன்னிக்க வேண்டுமாம்" என்றார் நண்பர்.

வறுத்த வாற்கோதுமையும் காப்பியும் கொடுத்தார்கள். வினாத்தாளை அவரிடம் தந்து, மகன் வந்தால் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் வந்து எழுதலாம் என்று சொல்லச் சொன்னேன். எழுத்தறியாத அவர் அதை இரு கையாலும் வாங்கி, மழை படாதிருக்க, பதனிட்ட இரண்டு தோல்களுக்கு நடுவே வைத்தார். அப்போது அவர் விரல்களைப் பார்த்தேன்.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. என் ஒப்பந்தம் 1972இல் முடிந்தது. அதுவரை கரும்பலகையில் இரண்டு கணக்கிலும் மணி எழுதினேன். மறு ஆண்டில் வடக்கே பஞ்சம் கடுமையாயிற்று. 1974இல் பேரரசர் ஆட்சி வீழ்ந்தது. இந்திய ஆசிரியர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள்.

2010க்குப் பிந்திய ஆண்டுகளில் எத்தியோப்பியாவின் தோல் தொழில் நிறுவனமும், சென்னையில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் கைகோத்துக்கொண்டன. அந்நாட்டு இளைஞர்கள் இங்கு வந்து பயின்றார்கள். அப்படி வந்த சிலர் ஆம்பூரில் ஒரு தோல் ஆலையைப் பார்க்க வருவதாகக் கேள்விப்பட்டு, நானும் போய் நின்றேன். துருப்பிடித்த என் அம்ஹாரிக்கைக் கேட்டு அவர்கள் வியந்து, என் தோளைத் தழுவிக்கொண்டார்கள். "காஷே" என்று அழைத்தார்கள். நம் ஊரில் மரியாதையாக அண்ணா என்பது போன்ற சொல் அது. எங்கே கற்பித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னேன். அதற்கு வெளியே தனித்திருந்த தோல் வேலைக்காரர் குடிசைகளையும் சொன்னேன். அவர் தெற்கு நாட்டவர். அந்த ஊரைக் கேள்விப்பட்டதில்லை என்றார். பிறகு, இங்கே இப்போது எந்தப் பட்டையைக் கொண்டு பதனிடுகிறீர்கள் என்று மேற்பார்வையாளரைக் கேட்கத் திரும்பினார்.