தீர்ப்புக்குப் பின் வரும் தண்டனை



தீர்ப்பு வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அதன்பின் தொடங்கும் இழப்புகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பெரியோர் அறிவர். 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி, தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டனர். குற்றம் உண்டா, இல்லையா என்று சொல்வதே ஜூரிகளின் வேலை. 1947இல் இருவரும் விடுதலையாயினர். ஆயினும் பாகவதரின் திரையுலகப் புகழ், 1959இல் அவர் மறையும் வரை பழைய நிலைக்கு மீளவில்லை.

அமெரிக்காவில் ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது வழக்கறிஞர்கள் அவர்களை வினவலாம். அங்கும் தண்டனையின் பின்விளைவுகளை அவர்கள்முன் வைக்கப் பொதுவாக இடமில்லை. நம் நாட்டிலோ, 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறையே ஒழிந்தது. மந்தைவெளிப் பிள்ளை ஒருவன் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் நிற்கும்போது, பின்விளைவை அவனுக்கு எடுத்துரைப்பார் யார்? “சிறு வழக்குதானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு” என்பவரே மிகுதி.

அவ்வாறு ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனையே. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கையில் அது கேட்கப்படும். மறைத்தால், மறைத்ததே வேலையைப் பறிக்கும். ஒழுக்கக்கேடான குற்றத்திற்கு ஈராண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு ஐந்தாண்டு வரை பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஈராண்டுத் தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின்னும் ஆறாண்டு தேர்தலில் நிற்க இயலாது. ஒரு குடும்பத்தின் முதல் அரசுப் பணி இவ்வாறு பறிபோனால், தலைமையாசிரியன் எழுதித் தரும் நன்னடத்தைச் சான்றிதழால் அதை மீட்க முடியாது.

காக்கும் சட்டங்களும் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் சாதியினருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகின்றது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடுவிக்கப்படுவோரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு சேராது. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கும் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் பொதுவாக அப்பாதுகாப்பை அளிக்கின்றது.

இளைஞர்களே! கேட்காத வழக்கறிஞர் இவற்றைச் சொல்லாமலும் இருக்கக்கூடும். ஆதலின், “குற்றவாளி” என ஒப்புக்கொள்ளுமுன், “இதனால் என் வேலை என்னாகும்?” என்று அவரைக் கேளுங்கள்.

பெரியோர்களே! இவ்வெள்ளி விழா ஆண்டு முதல், மாதம் ஒருநாள் வழக்கறிஞர் ஒருவர் நம் சங்கத்தில் அமர்ந்து ஆலோசனை கூற ஏற்பாடு செய்யுமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கின்றேன்.