பிரான்சிஸ்கா கொடுத்த விலை



கடவுளுக்குக் கீழ்ப்படிந்து உயிர் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். உயிரோடிருந்து அந்தக் கீழ்ப்படிதலின் விலையைக் கொடுத்த பிரான்சிஸ்கா என்ற பெண்ணைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கிறேன். அவரை அறிய முதலில் அவர் கணவரை அறிய வேண்டும்.

பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர், மேல் ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரின் விவசாயி. பிறந்தது 1907இல். இளமையில் பக்திமான் என்று யாரும் அவரைச் சுட்டிக்காட்டியிருக்க மாட்டார்கள். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து செபித்தார்கள், விவிலியம் வாசித்தார்கள். ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைத்ததற்கு ஒப்புதல் கேட்டு 1938 ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது, அந்த ஊரில் எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு பிரான்ஸுடையது.

1940இல் படைக்கு அழைக்கப்பட்டுப் பயிற்சி முடித்து, 1941இல் ஊர் திரும்பினார். பங்குக் கோயிலில் கோயில்பிள்ளை ஆனார். ஹிட்லர் நடத்தும் போர் அநீதியான போர், இனி அழைத்தால் போவதில்லை என்று மனத்தில் முடிவு செய்துகொண்டார். ஆனால் அந்த முடிவைப் பிடிவாதமாகப் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்த குருக்களிடம் போய்க் கேட்டார். லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் ஃபிளீசரிடமே கேட்டார். போர் நீதியானதா என்று தீர்ப்பிடுவது குடும்பத் தலைவனான உன் வேலையல்ல, பெண்டாட்டி பிள்ளைகளைப் பார் என்பதே கிடைத்த பதில். திருச்சபையை நேசித்தவருக்குத் திருச்சபையின் வாயிலிருந்தே வந்த இந்த அறிவுரைதான், சிறையைவிடப் பெரிய சோதனை என்று நான் நினைக்கிறேன்.

1943 மார்ச் 1 அன்று என்ஸ் படைமுகாமில் ஆயுதம் ஏந்த மறுத்தார். காயம்பட்டவர்களுக்கு மருத்துவப் பணி செய்யத் தயார் என்றார், அது ஏற்கப்படவில்லை. மே மாதம் பெர்லின் டேகல் சிறைக்குக் கொண்டுபோனார்கள். கிறிஸ்துவைப் பின்செல்வதற்கு விலை உண்டு என்று 1937இல் நூலெழுதிய லூத்தரன் போதகர் போன்ஹோஃபரும் அந்தக் கோடையில் அதே சிறையில்தான் இருந்தார். ஆனால் பிரான்ஸுக்கு ஆறுதல் தந்தது நூலல்ல, ஒரு செய்தி. ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவை முந்தைய ஆண்டு கொன்றுவிட்டார்கள் என்று சிறை ஆன்மகுரு சொன்னார். கேட்ட இடத்திலெல்லாம் ‘வேண்டாம்’ என்றே பதில் பெற்ற மனிதருக்குத் தன் வழியில் ஒரு குருவும் நடந்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் அவருடைய தலையை வெட்டினார்கள். வயது 36.

இனி பிரான்சிஸ்கா.

தொடக்கத்தில் அவரும் கணவரைத் தடுக்கத்தான் பார்த்தார். ஊர், உறவு, குருக்கள் என்று எல்லோரும் எதிர்த்து நிற்பதைக் கண்டபின், தானும் கைவிட்டால் இவருக்கு யாருமே இல்லை என்று பக்கத்தில் நின்றார். ஜூலையில் பங்குக் குருவோடு பெர்லின்வரை போய்க் கணவரைக் கடைசியாகப் பார்த்தார். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், ஒருத்திக்கும் ஆறு வயது நிறையவில்லை. வயலும் மாடுகளும் அவர் தலைமேல் விழுந்தன. இவளுடைய பக்திதான் அவனைக் கெடுத்தது என்று ஊர் பேசியது. போர் முடிந்தபின்னும் உதவித்தொகை மறுக்கப்பட்டது, 1950இல்தான் கிடைத்தது. மறைமாவட்ட இதழில் பிரான்ஸைப் பற்றி எழுத முயன்றபோது ஆயர் ஃபிளீசர் ஒப்பவில்லை. போர்முனையில் கடமையாற்றி மாண்ட கத்தோலிக்க இளைஞர்களே மேலான வீரர்கள் என்பது அவர் எண்ணம்.

கணவரின் சோதனை சில மாதங்களில் முடிந்தது. மனைவியின் சோதனை எழுபது ஆண்டு நீடித்தது. 2007இல் லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டபோது 94 வயதில் அவர் அங்கே இருந்தார். 2013இல் நூறு வயதில் காலமானார்.

விவிலியத்திலும் இப்படி ஒரு மனைவி உண்டு. தொடக்க நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் மகனைப் பலியிட அழைத்துக்கொண்டு மோரியாவுக்குப் புறப்படுகிறார். அந்த அதிகாரம் முழுவதும் அவர் மனைவி சாரா இல்லை. சாராவிடம் சொன்னார்களா, அவர் அழுதாரா, ஒரு வரியும் இல்லை. அடுத்த அதிகாரம் அவருடைய இறப்போடு தொடங்குகிறது. நாமும் அப்படியே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். கீழ்ப்படிந்தவரைப் போற்றுகிறோம், அவர் கீழ்ப்படிந்ததால் சோறு குறைந்த வீட்டை மறக்கிறோம். அந்த வீட்டைக் காட்டித்தான் லின்ஸ் ஆயர் பிரான்ஸைத் தடுத்தார். வீட்டைப் பற்றி அவர் சொன்னது பொய்யல்ல. அந்தப் பாரத்தைத் திருச்சபை சுமக்கும் என்று அவர் சொல்லாமல் விட்டதுதான் குறை.

நம் பங்குகளிலும் மனச்சாட்சிக்காக வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். லஞ்சக் கோப்பில் கையெழுத்திட மறுத்து ஊர் ஊராக மாற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம். அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டோமா? பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, ஏழைகளுக்கான உண்டியல் இருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் பங்குத்தந்தையர் அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் இந்தக் குடும்பங்களின் பெயர்களைப் படித்து, எந்த வீட்டுக்கு மாதம் என்ன தேவை என்று கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.