நோயாளியின் தலைக்குள் மட்டும் தேடாதீர்கள்

(சிட்லபாக்கத்தில் உளவியல் இளநிலை மாணவர்களும் ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இளநிலை வகுப்பில் மருத்துவ உளவியலையும் உடல்நல உளவியலையும் எப்படிக் கற்பிப்பது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் முன்வைக்கப் போகிறேன். ஒருவரின் துன்பத்துக்கான காரணத்தை அவருடைய தலைக்குள் மட்டுமே தேடப் பழக்குகிற பாடம், சாதிச் சமூகத்தில் யாருக்குப் பயன்படும்?

இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. ரயில் நிலையத்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர். 1990களில், மற்ற இடங்களில் தொடவே தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டதும் அந்த மருத்துவமனைதான். நோய், அச்சம், ஒதுக்கிவைத்தல் என்று உடல்நல உளவியலின் பாதிப் பாடம் அந்த மதிலுக்குள் இருக்கிறது. நம் மாணவர்களோ அதைக் கடந்து போய், வேறு நாட்டு உதாரணங்களை மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்தப் பாடத்தில் முதலில் வரும் கோட்பாடுகளில் ஒன்று 'ஹெல்த் பிலீஃப் மாடல்'. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய உளவியலாளர்கள் உருவாக்கியது. அது பிறந்ததே காசநோய்ப் பரிசோதனையை ஒட்டித்தான். எக்ஸ்ரே எடுக்க வசதி செய்து கொடுத்தும் மக்கள் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தார்கள். நோய் தனக்கு வரும் என்று நம்புகிறாரா, வந்தால் ஆபத்து என்று நம்புகிறாரா, பரிசோதனையால் பலன் உண்டு என்று நம்புகிறாரா, என்னென்ன தடைகள் இருப்பதாக நினைக்கிறார் என்று பிரித்துப் பார்த்தார்கள். பயனுள்ள கோட்பாடுதான். ஆனால் அதில் தடை என்பதுகூட, நோயாளி தன் மனதில் உணரும் தடையாகத்தான் கணக்கில் வருகிறது.

அதே 1950களில் சென்னையில் என்ன நடந்தது? 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களுக்கு வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, நெருக்கடியான வீடு. ஆனாலும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

இதில் உளவியல் மாணவருக்கு என்ன பாடம்? ஏழைக்கு ஒழுங்கு கிடையாது, அவரை நம்பி மருந்து கொடுக்க முடியாது என்ற எண்ணத்துக்கு நம் ஊரிலேயே பதில் கிடைத்தது. மருந்து இலவசமாகக் கிடைத்தது, ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், மக்கள் குணமானார்கள்.

இன்று பெரும்பாக்கத்திலிருந்து ஒரு நோயாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக்குள் இருந்த சேரியிலிருந்து அரசால் அப்புறப்படுத்தப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டவர். தினக்கூலி. ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். நோயைச் சொன்னால் வேலையும் போய்விடும். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். அவர் மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டால், நம் மாணவர் குறிப்பேட்டில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதக் கற்றுக்கொடுக்கிறோமா, இல்லை 'மருந்து இவருக்கு எட்டும்படி இருந்ததா?' என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறோமா?

மருத்துவ உளவியலுக்கு வருவோம். ஆரோன் பெக் வழிவந்த சிகிச்சையில் 'சிந்தனைப் பிழை' என்று ஒரு கருத்து உண்டு. நடக்காததை நடப்பதாக நினைப்பது, சிறியதைப் பெரிதாக்குவது. சரி. ஒரு மாணவி வந்து, 'வகுப்பில் எல்லோரும் என்னைக் குறைவாகப் பார்க்கிறார்கள்' என்கிறாள். 'எந்த ஊர், எந்தத் தெரு, கட்-ஆஃப் எவ்வளவு' என்று முதல் நாளே துருவப்பட்டவள் அவள். அவள் எண்ணம் பிழையா, அனுபவமா? பெக்கின் முறையே எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கத்தான் சொல்கிறது. ஆதாரம் இருந்தால், திருத்த வேண்டியது அவளுடைய சிந்தனையை அல்ல. சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வு உண்மை, அதற்கு மருந்தும் வேண்டும், பேச்சும் வேண்டும். ஆனால் அவமானப்படுத்தியவர்களை விட்டுவிட்டு அவமானப்பட்டவளை மட்டும் சரிசெய்யப் பார்ப்பது மருத்துவம் ஆகாது.

வரலாறு எச்சரிக்கிறது. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், எசமானிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு 'டிராப்டோமேனியா' என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். அதற்கு அவர் சொன்ன வைத்தியங்களில் சாட்டையடியும் ஒன்று. இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். சாதி மாறிக் காதலித்த மகளை 'மனசை மாத்துங்க' என்று ஆலோசகரிடம் அழைத்து வரும் பெற்றோரை என்ன செய்வோம்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தான் வாழும் சமூகத்தின் வழக்கத்துக்கு ஒருவர் இணங்கவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று பிரிவு 3இல் சொல்கிறது. மனநலச் சேவையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பிரிவு 18 சொல்கிறது. இந்த இரண்டையும் முதல் பருவத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

அடுத்து, வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உளவியல் உள்ளிட்ட உடல்நலப் படிப்புகளைத் தொலைநிலை வழியிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்தது. நேரடிப் பயிற்சி இல்லாமல் சிகிச்சையாளர் உருவாக முடியாது என்பது நியாயம்தான். ஆனால் பகலில் வேலை செய்துகொண்டே படித்த முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அதற்கு ஈடாக அரசுக் கல்லூரிகளில் மாலை நேர உளவியல் வகுப்பும் பயிற்சிக்கால உதவித்தொகையும் வேண்டும். இல்லையென்றால், கேட்பவர் ஒரு தெரு, சொல்பவர் வேறு தெரு என்ற நிலை அப்படியே நீடிக்கும்.

கடைசியாக ஒன்று. சாதி செங்கல் சுவர் அல்ல, அது ஒரு மனநிலை என்பதை அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதிவிட்டார். மனநிலை என்றால் அது உளவியலின் பாடம்தானே? ஆனால் நாம் எப்போதும் காயம்பட்டவரையே சோதிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் சாதி தெரியாமல் வீடு வாடகைக்கு விட முடியாத மனதை, மகளைவிடச் சாதி பெரிது என்று நினைக்கும் மனதை எந்தத் தாளில் படிக்கிறோம்?

மாணவர்களே, அடுத்த பருவத்தின் செய்முறைக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தின் நோயாளிகளைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் உங்கள் தெருவிலும் சாதியைச் சுமக்கும் மனதை ஆராய்ந்து எழுதுங்கள். ஆசிரியர்களே, அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

ஜெய் பீம்.